மொட்டைமாடி அன்டெனாக்கள்: உறுப்பினர் கவனத்திற்கு

அன்புடையீர்,

கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தை மாடிக் கட்டடங்களில் ஏசி திருத்தவும் நீர்த்தாங்கி கழுவவும் ஏறும் நம் உறுப்பினர்கள், அங்குள்ள கைத்தொலைபேசி அன்டெனாக்கள் பற்றி அடிக்கடி விசாரிப்பதால் இதனை எழுதுகிறோம்.

இந்த அன்டெனாக்கள் பரப்பும் வானொலி அலைகள், எக்ஸ் கதிர்களைப் போல அணுக்களை அயனாக்குவதில்லை, அதாவது அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்தெடுப்பதில்லை. அவற்றால் வரும் உறுதிப்பட்ட தீங்கு உடல் இழையங்கள் சூடேறுவதே ஆகும். இரத்தவோட்டமற்ற கண்வில்லை அவ்வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது. புற்றுநோயைப் பொறுத்தவரை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2011இல் இவ்வலைகளை ‘ஏற்படுத்தக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது; அது ஐயமேயன்றி நிரூபணமன்று.

சர்வதேச வழிகாட்டல்களின்படி முழு உடலும் உறிஞ்சும் வலு, தொழிலாளருக்குச் சராசரியாகக் கிலோகிராமுக்கு 0.4 வாற்றையும் பொதுமக்களுக்கு 0.08 வாற்றையும் தாண்டலாகாது. ஆனால் முதலாவது எல்லை, இந்த ஆபத்தை அறிந்து பயிற்சி பெற்று, கட்டுப்பாடான சூழலில் வேலை செய்வோருக்கே உரியது. ஏசி திருத்த ஏறுபவர் வேலைக்காகவே ஏறினாலும் பொதுமக்கள் கணக்கில்தான் வருவார். மேற்பார்வையாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நீள்சதுர வெள்ளைப் பலகை போன்ற அன்டெனாவின் வீச்சு முன்பக்கமாகவே வலுவாகச் செல்வதால், பின்புறமாக நடந்து செல்லுங்கள். முன்னால் நின்றே வேலை செய்யவேண்டுமெனில், அலைபரப்பை நிறுத்தியமைக்கான எழுத்துமூல உறுதியைக் கட்டட முகாமையாளரிடம் கேளுங்கள். ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்ற பதிலை ஏற்கவேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் ஏறவேண்டாம்.

– பாதுகாப்புப் பொறுப்பாளர்