செவ்வாய்க்கு ஆள் கட்டும் கங்காணி

கொட்டகலை
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் அதற்குள் நாலாய் மடித்து வைத்திருந்த கதையும் வந்து சேர்ந்தன. கைத்தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் அனுப்பக்கூடியதை நீ இன்னும் முத்திரை ஒட்டி அனுப்புகிறாய். தபால்காரர் சிரிக்கிறார், எனக்கோ அதுதான் பிடித்திருக்கிறது.

மாமியாரின் முழங்கால் தேவலையா? பண்டாரவளைக் குளிரே அவருக்கு ஒத்துவரவில்லை என்றால் இங்கே வந்து பார்க்கச் சொல். மழை விட்டபாடில்லை. மேல் மலையில் சிறுத்தை நடமாடுகிறதென்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கூட்டமாகத்தான் போகிறார்கள். எங்கள் வீட்டு நாய் இருட்டியதும் அடுப்படியை விட்டு அசைவதில்லை. இவ்வளவு காலமும் அதைக் காவலுக்கு என்று சோறு போட்டு வளர்த்தோம். மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அந்தக் கதையை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன், நீ கேட்டதற்குப் பதில் சொல்லவே இந்தத் தாள்கள் போதாது.

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். இந்தச் சின்னஞ்சிறு விஞ்ஞானக் கதைகளை எங்கே, எப்படி அனுப்புவது என்பது ஒன்று. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையும், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும் பற்றி எழுதினால் வெளிநாட்டு இதழ்க்காரர்களுக்கு என்ன விளங்கப்போகிறது என்பது மற்றது. இரண்டாவதற்கு முதலில் வருகிறேன், அதில்தான் உனக்குப் பயம் இருக்கிறது.

விளங்கும். மற்ற எந்த வாசகரையும்விட விஞ்ஞானக் கதை வாசகருக்கு நன்றாகவே விளங்கும். அவர்கள் பழகியிருக்கும் பழக்கம் அப்படி. முதல் வரியிலேயே கேள்விப்படாத கிரகம், மூன்றாம் வரியில் பெயர் தெரியாத இயந்திரம், அடுத்த பத்தியில் எதற்கென்றே தெரியாத ஒரு சடங்கு. எதற்கும் நிற்காமல், போகப்போகத் தெரிந்துகொள்ளலாம் என்று அவர்கள் வாசித்துக்கொண்டே போவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு விடிகாலைப் பெரட்டும் லயத்துச் சிற்றறையான காம்பராவும் பெரிய தடையா? கொழும்பிலேயே நம் வாழ்க்கையை அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது. இந்த வாசகர்களுக்கு அது தேவையில்லை என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய ஆறுதல்.

ஆகவே, உன் கதையின் முதல் அரைப் பக்கத்தை எடுத்துவிடு. லயம் என்றால் என்ன, யார் கட்டினார்கள், ஒரு வரிசையில் எத்தனை குடும்பம் என்று பாடப் புத்தகம் போலத் தொடங்குகிறாய். 600 சொல்லில் 200 சொல் அங்கேயே போய்விட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் படுத்திருக்கிறார்கள், ஏழாவது ஆளுக்கு அடுப்போரம் இடம் என்று ஒரு வரி எழுதினால் போதும், கதை தொடங்கிவிடும்.

கருவைப் பற்றிச் சொல்கிறேன். செவ்வாய்க் கிரகத்துக்கு ஆள் கட்ட ஒரு நிறுவனம், அந்தக் காலத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தோடு மலையகத்துக்கு வருகிறது. தலைமுறை தலைமுறையாகச் சின்ன அறைக்குள் நெருங்கி வாழ்ந்து பழகியவர்கள் இவர்கள்தான், வேறு பயிற்சி தேவையில்லை என்று அது சொல்கிறது. இதைப் படித்ததும் எழுந்து ஒரு தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். இது உன்னைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. 'சண்டை சச்சரவின்றி வாழப் பழகியவர்கள்' என்ற இடத்தை மட்டும் வெட்டிவிடு. நாம் இரண்டு பேரும் அங்கேதான் வளர்ந்தோம், தண்ணீர்க் குழாயடியில் நடந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் ஒரு கதைக்குள் மூன்று கதைகளை வைத்திருக்கிறாய். செவ்வாய்க்குப் போகிற பயணச் செலவு ஆளின் தலையில் கடனாக ஏறுகிறது, மூச்சுக்காற்றுக்கும் பற்று எழுதுகிறார்கள் என்பது அந்தக் கருவோடு ஒட்டிப் பிறந்தது. ஆளின் கடனைச் சீட்டில் எழுதித் தோட்டத்தோடு கட்டிப்போட்ட பழைய துண்டு முறையை வேறு கிரகத்தில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறாய். அதை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள் என்று வகுப்பில் படித்தோமே, உன் கங்காணி இயந்திரம் அந்தச் சட்டம் பூமியில் மட்டும்தான் செல்லுபடியாகும் என்று சொல்லலாம். பேசும் தேயிலைச் செடிக்கு மட்டும் இங்கே வேலையில்லை. இவ்வளவு சிறிய கதையில் உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் நாம் அறிந்த உலகமாகவே இருந்தால்தான் அந்த ஒரு மாற்றம் உறைக்கும். செடியை வேறொரு கதைக்கு எடுத்து வை.

முடிவுக்கு வருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் விழித்துப் பார்க்கிறாள், எல்லாம் கனவு. இந்த ஒரு பத்திக்காகவே கதை திரும்பி வந்துவிடும். கனவு என்று முடிவது, அவன் மனிதனே இல்லை இயந்திரம் என்று முடிவது, எஞ்சிய இருவரின் பெயர் ஆதாம் ஏவாள் என்று முடிவது. இந்த மூன்றையும் வாசித்து வாசித்து ஆசிரியர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். உனக்கு அந்த முடிவு தேவையே இல்லை. நல்ல முடிவை நீயே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறாய். கிழவி கங்காணி இயந்திரத்திடம் கேட்கிறாளே, 'அங்கேயும் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்குமா?' என்று. அது ஒரு நொடி கூடத் தயங்காமல் 'கிடைக்கும்' என்கிறது. அங்கே நிறுத்திவிடு. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் விளையும் என்று சொல்லித்தான் நம் பாட்டன் பூட்டனைக் கூட்டிவந்தார்கள் என்பதை லண்டனில் இருப்பவர் அறியமாட்டார். ஆனால் செவ்வாயில் தேங்காய் விளையாது என்பது அவருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் 'கிடைக்கும்' என்று சொல்கிற குரலை அவரும் எங்கேயாவது கேட்டிருப்பார்.

இனி அனுப்பும் விஷயம். 365 டுமாரோஸ் என்று ஓர் இணைய இதழ் இருக்கிறது. 2005இல் தொடங்கியது, நாளுக்கு ஒரு கதை, 600 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, பணம் கிடையாது. கை பழகுவதற்கு நல்ல இடம். நேச்சர் என்ற விஞ்ஞான வார இதழ் 1999இல் ஃபியூச்சர்ஸ் என்ற பகுதியைத் தொடங்கிக் குறுங்கதைகளை வெளியிட்டது. அங்கே 850 முதல் 950 சொல் வரை கேட்டார்கள். நேச்சர் பிறந்தது 1869இல். இலங்கைக் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் பதிவானதும் அதே ஆண்டில்தான். அந்த நோய் வந்து கோப்பியை அழித்திராவிட்டால், நம் அம்மாக்கள் தேயிலைக்குப் பதில் கோப்பிப் பழம் பறித்திருப்பார்கள். இதைக் கதையில் சேர்க்காதே, எனக்கே ஒரு கதை எழுத வேண்டும்.

கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற விஞ்ஞானக் கதை இதழின் பெயரை நீ கேட்டிருக்கலாம். நம் நாட்டில் வாழ்ந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கின் பெயர் அதுவென்று நினைத்துவிடாதே, அந்த இதழின் ஆசிரியர் பெயரும் கிளார்க். அங்கே ஆயிரம் சொல்லுக்குக் குறைந்த கதையை எடுப்பதில்லை. 2023 பெப்ரவரியில், இயந்திரத்தைக் கொண்டு எழுதவைத்த கதைகள் வந்து குவிந்து, கொஞ்ச காலம் கதை வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். அதனால் இப்போது பல இதழ்களில் இது செயற்கை நுண்ணறிவு எழுதியதல்ல என்று உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. கங்காணி இயந்திரத்தைப் பற்றி எழுதிவிட்டு அப்படி உறுதிமொழி கொடுப்பது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஒவ்வோர் இதழும் தன் விதிகளைத் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பரீட்சைத் தாளை வாசிப்பது போல அதை வாசி. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புவதைப் பெரும்பாலானவர்கள் ஒப்புவதில்லை. முகநூலில் போட்டுவிட்டால் அது வெளியான கதை, பிறகு யாரும் புதிதென்று எடுக்கமாட்டார்கள். விருப்பக்குறிகளுக்கு ஆசைப்பட்டு எத்தனையோ நல்ல கதைகள் இப்படிக் கெட்டுப்போகின்றன. கூட எழுதும் மின்னஞ்சலில் கதையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். தலைப்பு, சொற்களின் எண்ணிக்கை, நீ யார் என்று ஒரு வரி, வணக்கம். பேராசிரியர் பாராட்டினார், அதிபர் கண்கலங்கினார் என்றெல்லாம் எழுதினால் அவர்களுக்கு எரிச்சல்தான் வரும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயப்படாதே. நீ தமிழிலேயே எழுது, பிறகு இருவரும் உட்கார்ந்து ஆங்கிலமாக்கலாம். ஆனால் தமிழில் 400 சொல்லுக்குள் முடித்துவிடு. ஆங்கிலத்துக்குப் போகும்போது கதை உப்பிவிடுகிறது.

பணம் பற்றி அத்தான் கேட்டாராம். ஒரு சொல்லுக்கு அமெரிக்கக் காசில் 8 சென்ட் என்பது 2019 முதல் அங்குள்ள விஞ்ஞானப் புனைவு எழுத்தாளர் சங்கம் வைத்திருக்கும் அளவு. 600 சொல் என்றால் 48 டொலர். எல்லா இதழும் அவ்வளவு கொடுப்பதில்லை, சில எதுவுமே கொடுப்பதில்லை. கொடுப்பவர்களும் பேபால் வழியாக அனுப்புகிறோம் என்பார்கள். இலங்கைக் கணக்கில் அந்த வழியாகப் பணம் பெற முடியாமல் எத்தனையோ பேர் அல்லாடியிருக்கிறார்கள், ஆகவே கதை ஏற்கப்பட்டதும் வேறு வழி உண்டா என்று கேட்டுக்கொள். கேட்பதில் வெட்கமில்லை. கொழுந்து நிறை போடும்போது தராசைப் பார்க்காமல் கூடையைக் கொடுத்த பரம்பரை இல்லையே நாம்.

கதை திரும்பி வரும். எனக்கு வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் வார்த்த நாலு வரிகள். ஓர் ஆசிரியர் மட்டும், களம் குழப்புகிறது, இந்தியாவா இலங்கையா என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவில் நாடில்லாமல் நின்ற நம் குடியுரிமைக் கதையை அவருக்கு ஒரு பாட்டம் எழுதி அனுப்பலாமா என்று கை துறுதுறுத்தது. அனுப்பவில்லை. அந்தக் கதையை ஓர் எழுத்தும் மாற்றாமல் வேறோர் இதழுக்கு அனுப்பினேன், எடுத்துக்கொண்டார்கள். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன், வெளியானதும் அனுப்புகிறேன்.

ஆதர் சி. கிளார்க் என்றதும் ஒன்று நினைவு வருகிறது. 1979இல் வந்த நாவலில் அவர் சிவனொளிபாத மலையை மாதிரியாக வைத்து ஒரு மலையை உருவாக்கி, அதன் உச்சியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்டினார். அதற்குப் பூமத்திய ரேகை வேண்டும் என்பதால் தீவையே சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். அதைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி வேறு: மலையடிவாரத்து நல்லதண்ணித் தோட்டத்திலிருந்து அந்த மின்தூக்கிக்குக் கம்பி சுமந்தவர்கள் யார், அவர்களுக்கு நாட்கூலி எவ்வளவு? இதை நீ எழுதேன். அந்த மின்தூக்கியில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளையை உன்னைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.

முதலில் செவ்வாய்க் கதையைத் திருத்தி இந்தக் கிழமைக்குள் அனுப்பு, இந்தத் தடவை மின்னஞ்சலில். அடுத்த மாதம் பாடசாலை விடுமுறை விட்டதும் ரயிலேறி வருகிறேன். இரண்டு நாள் தங்குவேன், ஆங்கிலத்தை முடித்துவிடலாம். மாமியாருக்கு இங்கேயிருந்து என்ன எண்ணெய் வாங்கி வர வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி