டப்ளினிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு கார்க் நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. குளிர் வழக்கம்போல். நீ கார் வாங்கிய செய்தி மாலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கான திட்டை நேரில் வரும்போது வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் தேதி நான் அனுப்பிய சிலைப் படத்துக்கு நீ போட்ட பதில் ஞாபகம் இருக்கிறதா? "நாற்பது வருஷம் முன்னாடி செத்தவனுக்கு இன்னும் எத்தனை திவசம்டா?" நீ கிண்டலுக்குத்தான் சொன்னாய். ஆனால் இங்கே நடப்பது கிட்டத்தட்ட அதுதான். நம் தின் லிஸ்ஸி ராக் குழுவில் பேஸ் கித்தார் வாசித்துப் பாடிய ஃபில் லைனட் இறந்தது 1986 ஜனவரி 4. மறு வருடமே அந்தத் தேதியில் ஸ்மைலி போல்ஜர் என்பவர் 'வைப் ஃபார் ஃபிலோ' என்று ஒரு கச்சேரியைத் தொடங்கிவிட்டார். ஃபிலோ என்பது ஃபில்லின் செல்லப் பெயர். ராத்திரி கச்சேரிக்குப் போகிறவர்கள் போவார்கள். பகலில் கல்லறைக்கும் சிலைக்கும் ஆட்கள் வருவார்கள். புரோகிதர் மட்டும்தான் இல்லை.

இந்த முறை நானும் போனேன். டார்ட் ரயிலில் சட்டனில் இறங்கி கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஃபின்டன் கல்லறைத் தோட்டம். அவருடைய கல் நிமிர்ந்து நிற்காது, தரையோடு படுத்திருக்கும். கடவுள் அவர் ஆன்மாவுக்கு அமைதி தரட்டும் என்று ஐரிஷ் மொழியில் எழுதியிருக்கிறது. அதன் மேல் காசு, கித்தார் மீட்டும் பிளெக்ட்ரம் வில்லை, பாதி குடித்த பீர் கேன். ஸ்வீடனிலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "எங்கிருந்து வருகிறாய்?" என்று அவர் கேட்டதற்கு டப்ளின் என்றேன். "அதற்கு முன்னால்?" என்றார். திருச்சி பக்கம், ஹாஸ்டலில் லிஸ்ஸியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பம் கேட்டு வளர்ந்தவன் என்றேன். மனிதர் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

அவர் எழுபதுகளில் லிஸ்ஸியை நேரில் பார்த்தவர். பாட்டைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. அந்தக் கண்ணாடியைப் பற்றித்தான் பேசினார். கறுப்பு ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதன் நடுவில் கீறல் படாமல் இருக்க வைக்கும் தகடு, அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. மேடை விளக்கு அதில் விழுந்ததும் ஃபில் லேசாக உடம்பைத் திருப்புவாராம். வெளிச்சம் கூட்டத்தின் மேல் ஒவ்வொரு முகமாக நகர்ந்து போகும். முக்கியமாகப் பெண்கள் முகத்தில் நிற்கும், அது வேறு கதை. "ஒரு செகண்ட் என் மேல் விழுந்தது, இன்னும் அந்த இடம் சூடாக இருக்கிறது" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். நாம் கேசட் கேட்டவர்கள், நமக்கு அந்த வெளிச்சம் வந்து சேரவில்லை. சத்தம் மட்டும்தான் வந்தது. அதுவும் நம் ஹாஸ்டல் ஜெரால்டு சென்னையில் பதிவு செய்து கொண்டுவந்த தொண்ணூறு நிமிட டிடிகே, இரண்டாவது பக்கத்தில் கடைசிப் பாட்டுக்கு மேல் இளையராஜா ஏறிக்கொண்டது.

உனக்கு ஒரு தகவல். நம் வராந்தாவில் நீ ஒட்டி வைத்திருந்த சிவப்பும் கறுப்புமான சே குவேரா படம் இருக்கிறதே, அதை வரைந்தவர் ஜிம் ஃபிட்ஸ்பேட்ரிக், டப்ளின்காரர். லிஸ்ஸி ஆல்பம் அட்டைகளை வரைந்தவரும் அவரேதான். ஃபிலோவின் நண்பர். உன் புரட்சியும் எங்கள் பாட்டும் ஒரே கையிலிருந்து வந்திருக்கிறது. மூன்று வருடம் சுவரைப் பங்குபோட்டுச் சண்டை போட்டோமே!

அப்புறம் உன் பழைய வழக்கு. 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' நிஜமாகவே மேடையில் வாசித்ததா, ஸ்டுடியோவில் ஒட்டுப்போட்டதா? இங்கேயும் அந்தச் சண்டை தீரவில்லை. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி முக்கால்வாசி பிறகு வாசித்துச் சேர்த்தது என்றார். கித்தார் வாசித்த பிரையன் ராபர்ட்சன் அதெல்லாம் கிடையாது என்றார். எனக்கு இப்போது கவலையில்லை. 'கௌபாய் சாங்' முடிகிற இடத்தில் இழுக்கும் அந்த ஒரு சுரம் நிற்காமலே 'தி பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன்' ஆகிற இடம் இருக்கிறதே, அதை எந்த அறையில் வாசித்தால் என்ன?

பேஸ் கதையும் உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஃபிலோ முதலில் பேஸ் வாசிப்பவரே இல்லை. ஸ்கிட் ரோ என்ற டப்ளின் குழுவில் பாட மட்டும் செய்தார். 1969-இல் குழுவின் தலைவர் பிரஷ் ஷீல்ஸ் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார். நீக்கிய மனுஷன், மனசு கேட்காமல், தானே உட்கார வைத்து பேஸ் சொல்லிக்கொடுத்தார். பழைய ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றையும் விற்றார். அது முன்பு ராபர்ட் பாலா என்பவரிடம் இருந்தது. அந்த பாலா பிற்பாடு பெரிய ஓவியராகி, அயர்லாந்தின் கடைசி பவுண்டு நோட்டுகளை வடிவமைத்தார். வேலையை விட்டு அனுப்பிவிட்டு வித்தையும் கற்றுக்கொடுக்கிற முதலாளியை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அந்த வருடக் கடைசியிலேயே பள்ளிக்கூட நண்பர் பிரையன் டௌனி டிரம்ஸில், எரிக் பெல் கித்தாரில், தின் லிஸ்ஸி கிளம்பிவிட்டது.

இதெல்லாம் நான் புத்தகம் பார்த்துச் சொல்வதில்லை. சிலைக்குப் பக்கத்தில் நின்றால் போதும், தானாகக் காதில் விழும். கிராஃப்டன் தெருவிலிருந்து பிரியும் ஹாரி தெருவில், புரூக்செல்ஸ் என்ற மதுக்கடை வாசலில், ஆள் உயரத்துக்கு வெண்கலத்தில் நிற்கிறார். 2005-இல் திறந்தார்கள். இடையில் சேதமாகி, சரிசெய்து மறுபடி நிறுத்தினார்கள். தந்திகளுக்கு நடுவில் வருகிறவர்கள் பிளெக்ட்ரம் செருகிவிட்டுப் போகிறார்கள். நானும் ஒன்று செருகினேன். வாசிக்கத் தெரியாதவன் செருகலாமா என்று நீ கேட்பாய். ஜெரால்டு சார்பில் செருகினேன்.

ஃபிலோவை விட அவர் அம்மாவைப் பற்றித்தான் எனக்கு உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது. ஃபிலோமினா. டப்ளினிலிருந்து இங்கிலாந்துக்கு வேலைக்குப் போனவர். 1949 ஆகஸ்டில் வெஸ்ட் பிராம்விச்சில் பையன் பிறக்கும்போது அவருக்கு 18 வயது. கல்யாணம் ஆகவில்லை. குழந்தையின் அப்பா பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பர். அந்தக் காலத்தில் ஒரு ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணுக்கு இதில் எது பெரிய குற்றம் என்று சொல்வதே கஷ்டம். பையனை டப்ளினில் கிரம்லின் பகுதியில் இருந்த தன் அம்மா சாராவிடம் வளர விட்டுவிட்டு, அவர் மான்செஸ்டரில் ஓட்டல் நடத்திச் சம்பாதித்தார். கிரம்லின் தெருக்களில் அந்த நிறத்தில் ஒரே பையன். அவன்தான் பின்னால் இந்த ஊரே தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறவன் ஆனான். 'சாரா' என்ற பெயரில் அவர் இரண்டு பாட்டு எழுதினார் தெரியுமா? 1972-இல் வந்தது பாட்டிக்கு. 1979-இல் வந்தது பிறந்த மகளுக்கு. ஜெரால்டு வருடக்கணக்கில் இரண்டையும் ஒரே பெண்ணுக்கு என்று நினைத்து, அவள் யார் என்று ஆராய்ச்சி செய்தான்.

மகன் போன பிறகு ஃபிலோமினா ஹௌத்தில் இருந்தார். வருகிற ரசிகர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார் என்று கல்லறையில் நின்றவர்களில் பாதிப் பேர் சொன்னார்கள். 2012-இல் அமெரிக்கத் தேர்தலில் மிட் ராம்னி கட்சிக்காரர்கள் 'பாய்ஸ்' பாட்டைப் போட்டபோது, என் மகன் இருந்திருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று பகிரங்கமாகச் சண்டைக்கு நின்றார். 2019-இல் அவரும் போய்விட்டார்.

இப்போது எனக்குக் கோபம் வந்த இடம். சாயங்காலம் மதுக்கடைக்குள் எல்லோரும் ஒதுங்கினோம். ஒரே கலகலப்பு. மீசை, தோல் பேன்ட், மேடையில் "உங்களில் யாருக்காவது ஐரிஷ் ரத்தம் இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று பெண்கள் யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்கும் அந்தப் பழைய ஜோக், 1981-இல் ஸ்லேன் கோட்டையில் யூ2 முன்னால் வாசித்துவிட்டு இறங்க, அன்றைய முக்கியக் குழுவாக லிஸ்ஸி கடைசியில் மேடையேறிய கதை. எல்லாம் வந்தது. 1984, 1985 மட்டும் வரவில்லை. லிஸ்ஸி கலைந்த பிறகு கிராண்ட் ஸ்லாம் என்று குழு அமைத்தார், எந்தக் கம்பெனியும் ஒப்பந்தம் தரவில்லை. 1985-இல் லைவ் எய்ட் என்ற பஞ்ச நிவாரணக் கச்சேரியை நடத்திய கெல்டாஃப் இதே ஊர்க்காரர், அவரோடு சேர்ந்து நடத்திய மிட்ஜ் யூர் 1979-இல் லிஸ்ஸிக்கே வந்து கைகொடுத்தவர். இருந்தும் அந்த மேடையில் இவருக்கு இடமில்லை. ஹெராயின் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டது.

1979-இல் வந்த 'பிளாக் ரோஸ்' ஆல்பத்தில் 'காட் டு கிவ் இட் அப்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. குடியை விடணும், போதை மருந்தை விடணும் என்று ஒரு மனிதன் புலம்புகிற பாட்டு. உனக்கும் தெரியும், நாம் எத்தனை முறை அதற்கு மேசையில் தாளம் போட்டிருப்போம். செத்துப்போவதற்கு ஆறேழு வருடம் முன்பு, ஆல்பத்திலேயே பாடி, பதிவு செய்து, கடையில் விற்று, எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் கித்தார் நன்றாக இருக்கிறது என்றார்கள். சேகர், அதை அன்றைக்கு மதுக்கடையில் போட்டார்கள். எல்லோரும் கிளாஸைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

1985 கிறிஸ்துமஸ் அன்று லண்டன் கியூ வீட்டில் அவர் சுருண்டு விழுந்ததைப் பார்த்தது அம்மாதான். மகனுக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது அதுவரை அவருக்குத் தெரியவே தெரியாது. பிரிந்து வாழ்ந்த மனைவி கேரலைன் வந்து, காரில் போதை சிகிச்சை இடத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து சாலிஸ்பரி ஆஸ்பத்திரி. ரத்தத்தில் விஷம் பரவிவிட்டது. பத்து நாள். வயது 36.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அன்றைக்கு மதுக்கடை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் ஜெரால்டு கூப்பிட்டான். உங்களுக்கு நள்ளிரவு தாண்டியிருக்கும். தேதி அவனுக்கு மறக்கவில்லை. நல்ல போதை. வாயாலேயே பேஸ் வாசித்துக் காட்டினான், ஒரு சுரம் தப்பவில்லை. "நாளையிலிருந்து விடுறேன்டா" என்றான். நாமெல்லாம் அவனுக்கு 'நாளை ஜெரால்டு' என்று பெயர் வைத்தவர்கள்தானே, நானும் பழக்கத்தில் சிரித்தேன். அப்புறம் ஸ்டெல்லா போனை வாங்கினாள். தீபாவளிக்கு முன்னால் ரத்த வாந்தி எடுத்திருக்கிறான். கல்லீரல். இனிமேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். "அண்ணா, அவர் ஃபிரண்ட்ஸ் யாராவது வந்தா கேப்பாரு. ஆனா வர்றவங்க எல்லாம் பாட்டிலோட வர்றாங்க" என்றாள்.

அதனால் நீ போ. அந்தப் புதுக் காரை எடுத்துக்கொண்டு இந்த வாரக் கடைசியில் திண்டுக்கல் போ. கணக்கு முடிக்கிற மாதம், மாமனார் வீட்டு விசேஷம் எல்லாம் என்னிடம் சொல்லாதே. கையில் எதுவும் வாங்கிப் போகாதே. அவன் கட்டாயப்படுத்தினாலும் கம்பெனிக்கு ஒரு ரவுண்டு என்று உட்காராதே. உன்னை எனக்குத் தெரியும். அறிவுரை சொல்லாதே, ஓடிப்போய்விடுவான். ஸ்டெல்லாவிடம் தனியாகப் பேசி ரிப்போர்ட்டை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு. இங்கே என்னோடு வேலை பார்க்கிற ஒருவருடைய மனைவி கல்லீரல் டாக்டர், அவரிடம் காட்டுகிறேன். மதுரையில் போதை சிகிச்சைக்கு நல்ல இடம் எது என்று உன் மச்சானிடம் விசாரி, அவர் அந்தத் துறையில் இருக்கிறார் இல்லையா? செலவில் பாதி என்னுடையது, பேச்சே வேண்டாம்.

பழைய கேசட்டெல்லாம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறதாம். போடுவான். போட்டால் கேள், ஆனால் அந்தப் பாட்டு வரும்போது மேசையில் தாளம் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். போனை மாலாவிடம் கொடுத்துவிட்டு நழுவிவிடாதே.

அன்புடன்,
ரவி