சாட்சி சொல்றதுக்கு முன்னாடி கணக்கை முடிங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க பேப்பர்ல லெந்து நாள் வந்தா தினம் ஒரு தவக்கால சிந்தனை போடறீங்க, விடாம படிக்கிறேன், நல்லாதான் இருக்கு. ஆனா மனந்திரும்புதல்னு வந்தாலே கண்ணீரு, உபவாசம், முழங்கால்னு அதுலயே சுத்தி சுத்தி வருது. யாருக்கு கெடுதல் பண்ணோமோ அந்த ஆளைப் பத்தி ஒரு வரி இல்ல. அதான் எழுதலாம்னு உக்காந்தேன்.

நான் தண்டையார்பேட்டை. பொறந்த வீடு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), வாக்கப்பட்டது ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்துல, நாத்தனார் பெந்தெகொஸ்தே சபைக்கு போறவங்க, அதனால மூணு பக்கமும் நடக்கறது ஓரளவு தெரியும். சாம்பல் புதன்லருந்து ஈஸ்டர் வரைக்கும் ஞாயித்துக்கிழமைய கழிச்சா 40 நாள், அந்த 40 நாளும் எங்க ஏரியாவுல ஒரே பேச்சு, நீ என்ன விட்ருக்கே, நான் கறி விட்டேன், நான் டீ விட்டேன், என் பொண்ணு ரீல்ஸ் விட்டிருக்கான்னு. வெள்ளிக்கிழமை கறி கூடாதுன்னு காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கிட்டு வந்து வறுத்து சாப்பிடற தவமும் நடக்குது (எங்க வீட்லதான்). விடறது தப்புன்னு சொல்லல. ஆனா எடுத்ததை திருப்பிக் குடுக்கறதைப் பத்தி யாரும் வாயே திறக்கறதில்லையே.

ஒண்ணு சொல்றேன். எங்க சித்தி ஒரு அக்காகிட்ட சீட்டு கட்டிட்டு இருந்தாங்க, காதுல கிடந்த தோடை அடகு வெச்சுகூட கட்டினாங்க, பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு ஆகும்னு. அந்த அக்கா ராவோட ராவா வீட்டை காலி பண்ணிட்டு போயிட்டாங்க, எங்க தெருவுலயே நிறைய பேருக்கு பணம் போச்சு. கொஞ்ச வருஷம் கழிச்சு திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்துக்கு போனா, மேடையில அதே அக்கா வெள்ளை சேலை கட்டிக்கிட்டு மைக்கைப் பிடிச்சு அழுது அழுது சாட்சி சொல்றாங்க, நான் பெரிய பாவியா இருந்தேன், கர்த்தர் என் பாவத்தையெல்லாம் சமுத்திரத்தோட ஆழத்துல போட்டுட்டாருன்னு. பைபிள்ல மீகா புஸ்தகத்துல இருக்கற வசனம்தான், எனக்கும் ரொம்ப பிடிக்கும். கூட்டமே அல்லேலூயா சொல்லுது, சித்தி மட்டும் பிளாஸ்டிக் சேரை விட்டு எழுந்து என் காதுகிட்ட வந்து கேட்டாங்க, பாவத்தை கடல்ல போட்டாரு சரி, என் சீட்டுப் பணத்தையும் சேத்தாடி போட்டாருன்னு.

இதுக்கு எந்த பாஸ்டர் பதில் சொல்வாரு?

பைபிள்ல பதில் இல்லாம இல்ல. சகேயு கதையை சண்டே ஸ்கூல் போன எந்தக் குழந்தையும் சொல்லும், வரி வசூலிக்கற குள்ளமான ஆளு, இயேசுவைப் பாக்க காட்டத்தி மரத்துல ஏறினான், இயேசு அவன் வீட்ல தங்க போனாரு. அங்கயே கதையை முடிச்சிடறோம். வீட்ல அந்த ஆள் எழுந்து நின்னு சொத்துல பாதி ஏழைங்களுக்கு, அநியாயமா வாங்கினது எதுவா இருந்தாலும் நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா, திருப்பித் தரேன்னு சொல்றான் பாருங்க, அதுக்கப்புறம்தான் இன்னைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொல்றாரு, லூக்கா 19ல எடுத்துப் பாருங்க. இதுல இன்னொரு விஷயம், ஏமாத்தி எடுத்தவன் தானே வந்து ஒத்துக்கிட்டா எடுத்ததோட அஞ்சுல ஒரு பங்கு சேத்துக் குடுத்தா போதும்னுதான் லேவியராகமம் 6 சொல்லுது, அதாவது அஞ்சாயிரம் எடுத்திருந்தா ஆறாயிரம். நாலு மடங்குங்கறது ஆட்டைத் திருடி அடிச்சவனுக்கோ வித்தவனுக்கோ போடற அபராதம், அது யாத்திராகமம் 22. சகேயு தன்னை ஆட்டுத் திருடன் கணக்குல வெச்சுக்கிட்டான், யாரும் கேக்கவும் இல்ல.

இயேசுவுக்கு முன்னாடி வந்து மனந்திரும்புங்கன்னு பிரசங்கம் பண்ண யோவான் ஸ்நானகனும் அப்படித்தான். நாங்க என்ன செய்யணும்னு ஜனங்க வந்து கேட்டதுக்கு அவரு உக்காந்து அழுங்கன்னு சொல்லல. ரெண்டு அங்கி வெச்சிருக்கறவன் இல்லாதவனுக்கு ஒண்ணு குடு, வரி வசூலிக்கறவங்க நிர்ணயம் பண்ணதுக்கு மேல வாங்காதீங்க, போர்வீரங்க யாரையும் மிரட்டிப் பணம் பிடுங்காதீங்க, சம்பளமே போதும்னு இருங்கன்னு ஆளுக்கு ஏத்த மாதிரி சொன்னாரு. இப்ப அவரு கொருக்குப்பேட்டை கேட்கிட்ட வந்து நின்னா என்ன சொல்வாருன்னு யோசிப்பேன், மீட்டர் வட்டி விடறவங்களை விடுங்க, வீட்டைக் காலி பண்ணும்போது பெயிண்ட் அடிக்கணும்னு சாக்கு சொல்லி அட்வான்ஸைப் பிடிச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை முதல் பெஞ்சுல உக்காந்திருக்கற ஹவுஸ் ஓனருங்களை சும்மா விடுவாரா.

ஆர்சில பாவசங்கீர்த்தனம் இருக்கு, அதாவது சாமியார்கிட்ட போய் பாவத்தைச் சொல்றது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகணும்னு சட்டமே இருக்கு. சாமியார் மூணு தடவை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுன்னு பரிகாரம் குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்கதான் அதிகம். ஆனா திருடினதைத் திருப்பிக் குடுக்கணும், ஒருத்தர் பேரைக் கெடுத்திருந்தா அதையும் சரி பண்ணணும்னு அவங்க மறைக்கல்வி நூல்லயே தெளிவா போட்டிருக்கு. எங்க சிஎஸ்ஐல பொது பாவ அறிக்கை, எல்லாரும் சேந்து ஒரே ராகத்துல படிச்சிடறோம், யாரு பேரும் வராததால யாருக்கும் உறுத்தறதும் இல்ல. 1517ல, சபையைச் சீர்திருத்தக் கிளம்பின மார்ட்டின் லூத்தர் எழுதின 95 வாக்கியத்துல முதலாவதே விசுவாசியோட முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலா இருக்கணும்ங்கறதுதான், நாம அதை ஒரு கன்வென்ஷன் நைட்டுக்குள்ள முடிச்சிடறோம்.

இதை விட எனக்கு ஆத்திரம் வர்றது வேற. பாதிக்கப்பட்டவங்க வாயைத் திறந்தா உடனே ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு வசனத்தை எடுத்து நீட்டறாங்க. குடிச்சிட்டு அடிச்ச புருஷன் ஒரு நாள் அழுதுட்டா போதும், மன்னிச்சு சேந்து வாழும்மான்னு பொண்டாட்டியைப் போட்டு பிழியறாங்க. லூக்கா 17ல உன் சகோதரன் தப்பு பண்ணா கடிஞ்சுகொள், அவன் மனஸ்தாபப்பட்டா மன்னின்னு இருக்கு, அந்த கடிஞ்சுகொள்ளுற பாதியை எங்க கொண்டு போய் வெச்சீங்க?

அப்ப இயேசுவைக் காட்டிக் குடுத்த யூதாஸ்கூடத்தான் அதுக்கு வாங்கின முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் குடுத்தான்னு நாத்தனார் கேட்டாங்க. நியாயமான கேள்வி. அவன் அதைக் கொண்டு போய் விலை பேசினவங்ககிட்டதான் குடுத்தான், யாரைக் காட்டிக் குடுத்தானோ அவர் பக்கமே வரல. பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மூணு தடவை மறுதலிச்சவரு, அழுதவரு, ஆனா திரும்ப அவர் முகத்துக்கு முன்னாடி வந்து நின்னு, என்னை நேசிக்கிறியான்னு அவர் கேட்டதுக்கு மூணு தடவை பதில் சொன்னாரு. இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளனுக்கு திருப்பிக் குடுக்க வழியே இல்ல, அவனுக்கும் பரதீசு கிடைச்சுது, அதனால காசு குடுத்து இரட்சிப்பு வாங்கலாம்னு நான் சொல்ல வரல. அவன் கை ஆணியில இருந்துச்சு. நம்ம கை சும்மாத்தானே இருக்கு.

எங்க தெருவுல ஒரு அண்ணன் இருக்காரு, ஹார்பர்ல ஐஸ் லோடு ஏத்தற வேலை. ஒரு காலத்துல குடிச்சிட்டு வந்து பக்கத்து வீட்டு ஆயாவோட இட்லிக் கடையை அடிச்சு நொறுக்கினவரு. மனந்திரும்பினதுக்கு அப்புறம் மைக் பக்கமே போகல, புது இட்லிப் பானையும் ஸ்டவ்வும் வாங்கி ஆயா வாசல்ல வெச்சாரு, மெட்ரோ வாட்டர் லாரி வந்தா முதல்ல ஆயா குடத்தைத்தான் ரொப்பி வெக்கறாரு. ஆயா இன்னும் அவர்கிட்ட மூஞ்சி குடுத்து பேசறதில்ல. அவரும் மன்னிச்சிட்டேன்னு சொல்லு ஆயான்னு போய் நிக்கறதில்ல.

போதகருங்க, சாமியாருங்ககிட்ட நான் கேக்கறது ஒண்ணுதான், சாட்சி சொல்ல மேடை ஏத்தறதுக்கு முன்னாடி, யாருக்கு என்ன பாக்கி வெச்சிருக்கே, போய் பாத்தியான்னு கேளுங்க. மொத்தமா குடுக்க முடியலன்னா மாசம் இருநூறு ரூபா ஜிபே பண்ணட்டும், சித்தி மாதிரி ஆளுங்க அதுக்கே சந்தோஷப்படுவாங்க. இப்படிக் கேட்டா சாட்சி சொல்ல ஆள் கிடைக்காதுன்னு சொல்வீங்க, கிடைக்காட்டி போகட்டும், கூட்டம் ஒன்பது மணிக்கே முடிஞ்சா பரீட்சைக்கு படிக்கற பசங்களுக்காவது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை