வாட்டம்

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
2.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒவ்வொரு ஞாயிறும் போனில் "வீடு முடிஞ்சுதா பாப்பா?" என்று கேட்கிறீர்கள். நான் "முடியல" என்று கத்துவது உங்கள் காதில் "முடிஞ்சிருச்சு" என்று விழுந்து, போன வாரம் அத்தை வீடுவரை சேதி போய்விட்டதாம். அம்மா சொன்னாள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணியை நிதானமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வீடு முடியவில்லை. தை பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்று நாள் பார்த்து அனுப்பினீர்களே, அந்த நாளில் நாங்கள் வாடகை வீட்டில்தான் பொங்கல் வைத்தோம். அடுப்பு, பாத்திரம் எல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்ததை அவிழ்த்து.

இங்கே வீடு வாங்குவதே ஒரு வரிசை. பி.ஆர். (நிரந்தரவாசி) குடும்பமாக மூன்று வருஷம் இருந்தால்தான் அரசாங்க வீடமைப்புக் கழக வீடு வாங்க விடுவார்கள், அதுவும் இன்னொருவர் இருந்து விற்கிற பழைய வீடு மட்டும். எங்களுடையது பதினோராவது மாடி. 99 வருஷக் குத்தகையில் முப்பதுக்குக் கிட்டே ஓடிவிட்டது. குளியலறைத் தரையும் சமையலறையும் ரொம்ப மோசம். சரி, இடித்துச் செய்துகொண்டு போய்விடுவோம் என்று ஒரு கான்ட்ராக்டரைப் பிடித்தோம். 46,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். எட்டு வாரம் என்றார். நவம்பர் நடுவில் வேலையைத் தொடங்கினார்.

பணம் கொடுத்த விதத்தைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கையெழுத்துப் போடும்போது நூற்றுக்குப் பத்து, இடிக்கத் தொடங்கும்போது நாற்பது, தச்சர் அளவெடுக்க வந்ததும் இன்னொரு நாற்பது. கடைசிப் பத்துதான் எங்கள் கையில். அளவெடுக்கிறவர் டிசம்பரிலேயே டேப்பை நீட்டிவிட்டுப் போய்விட்டார். ஆக, பாதி வேலைகூட ஆகாத வீட்டுக்கு முக்கால் பங்குக்கு மேல் பணம் போய்விட்டது. "கொத்தனார் மக நீ, உனக்குத் தெரியாதா?" என்று இவர் இன்றைக்கும் குத்திக் காட்டுகிறார்.

தாமதத்துக்குப் பாதிக் காரணம் இந்த ஊர்ச் சட்டம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். இடிக்கிற, துளை போடுகிற சத்த வேலையெல்லாம் திங்கள் முதல் வெள்ளிவரை, காலை 9 முதல் மாலை 5 வரைதான். சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் சுத்தியலைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, பெர்மிட்டை வாசலில் ஒட்ட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்குக் கலவை போடத் தொடங்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

மீதிக் காரணம் கான்ட்ராக்டர். அவர் நல்ல மாதிரிதான் பேசுவார். கேட்டால் உடனே வாட்ஸ்அப்பில் பதில் வரும்: "டுமாரோ கன்ஃபர்ம் லா." அந்த டுமாரோவை நான் எண்ணிப் பார்த்தேன், பதினேழு. அலமாரி செய்கிற பட்டறை கடலுக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூரில் இருக்கிறது. எங்கள் மாடித் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கரைக் கட்டடங்கள் தெரியும். நடுவில் இருக்கிற பாலம் சுமார் ஒரு கிலோமீட்டர். அதைக் கடக்க எங்கள் சமையலறை அலமாரிக்கு ஆறு வாரம் ஆயிற்று. கதவு இரண்டு அளவு மாறி வந்து, திரும்பவும் அதே பாலத்தில் போயிருக்கிறது.

இந்த வருஷம் சீனப் புத்தாண்டு ஜனவரி 29. அதற்கு முன்னால் எல்லாருக்குமே வீடு முடிந்தாக வேண்டும். நமக்குத் தீபாவளிக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் கிடைக்காதே, அந்தக் கதை. கான்ட்ராக்டர் கையிலிருந்த நாலு ஆளை ஏழு வீட்டுக்குப் பங்கு போட்டார். நாங்கள் சீனர்கள் இல்லையே, காத்திருப்போம் என்று நினைத்தார் போல. புத்தாண்டுக்குப் பிறகு இரண்டு வாரம் யாருமே வேலைக்குத் திரும்பவில்லை.

அந்த நாட்களில் நான் ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் வீட்டைப் போய்ப் பார்ப்பேன். கூடத்தில் ஒரு டைல் வெட்டும் மெஷின், ஒரு வாளி, அதில் காய்ந்த சிமெண்டோடு ஒரு பூச்சுக் கரணை. முதல் வாரம் அதைப் பார்த்து, சாமான் இங்கேதானே கிடக்கிறது, நாளைக்கு ஆள் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு போனேன். இரண்டாம் வாரமும் அந்த வாளி வைத்த இடத்திலேயே இருந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

இது உங்கள் வித்தை அல்லவா அப்பா? மூன்று வீட்டில் ஒன்றாகக் கடைக்கால் தோண்டிவிட்டு, ஒரு வீட்டில் சட்டியையும் மண்வெட்டியையும் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவீர்கள். சாரத்தையும் அவிழ்க்க மாட்டீர்கள். சுவருக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு சித்தாளை மட்டும் காலையில் அனுப்புவீர்கள். "சட்டி கெடந்தா வீட்டுக்காரனுக்குத் தூக்கம் வரும்" என்று நீங்கள் மாமாவிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் ஆறாவது படித்தேன். மாடிப்படி பாதியில் நின்ற வாத்தியார் வீட்டம்மா நம் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, "அப்பா திருவோணம் ஊருக்குப் போயிருக்காங்க" என்று என்னைச் சொல்ல வைத்தாள் அம்மா. நீங்கள் கொல்லையில் நின்றுகொண்டிருந்தீர்கள். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு வீட்டு முன்பணத்தில் இன்னொரு வீட்டுச் சிமெண்டு, அந்த வீட்டுப் பாக்கியில் என் காலேஜ் ஃபீஸ் என்று ஓட்டியதும் தெரியும். ஆனால் வாளி பக்கத்தில் நின்றபோது வந்த கோபம் உங்கள் மேலும் கொஞ்சம் வந்தது. அதை மறைக்க மனசு வரவில்லை.

பிப்ரவரி நடுவில் குளியலறைக்குத் தண்ணீர் கட்டிப் பார்த்தார்கள். தரைக்குக் கசிவைத் தடுக்கும் மருந்து பூசி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி வைப்பது. கீழ்வீட்டு மலாய் அம்மா மறுநாள் படியேறி வந்து, செல்போனில் தன் வீட்டு மேற்கூரையைப் படமெடுத்துக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சண்டை போடவில்லை, கையில் ஒரு டப்பா பலகாரம் வேறு. அந்தப் பலகாரத்தைப் பார்த்துத்தான் எனக்கு வெட்கமாகிவிட்டது. திரும்ப உடைத்து, திரும்ப மருந்து பூசினார்கள். ஈரம் நின்றது. டைல் ஒட்டி முடித்தார்கள். நான் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அது தண்ணீர் வடியும் ஜாலிப் பக்கம் போகாமல் கதவு மூலைக்கு ஓடி, குளம் மாதிரி நின்றது. ஒரு வெள்ளிக் காசால் டைலைத் தட்டிக்கொண்டே வந்தேன், நீங்கள் கரணைக் காம்பால் தட்டுவீர்களே, அப்படி. நாலு டைல் அடியில் கலவை இல்லாமல் பொள்ளென்று கேட்டது.

மறுநாள் சரி செய்ய வந்தவன் மன்னார்குடிப் பக்கத்துப் பையன். இருபத்தைந்து வயசு இருக்கும். "வாட்டம் சரியில்லை தம்பி" என்றதும் நிமிர்ந்து பார்த்தான். தண்ணீர் ஓடுகிற சரிவுக்கு நாம் சொல்லும் அந்த வார்த்தையை இந்த ஊரில் ஒரு வீட்டுக்காரர் வாயால் கேட்டதே இல்லையாம். நீங்கள் கொத்தனார் என்று சொன்னேன். அப்புறம் மனசு விட்டுப் பேசினான்.

"அக்கா, நான் வேணும்னு வராம இருக்கலக்கா. காலையில லாரி எந்த சைட்டுல எறக்கி விடுதோ அங்கதான். பத்து மணிக்கு அந்த சைட்டுலேர்ந்து வேற எடத்துக்குப் போகச் சொல்லுவாங்க. சாயங்காலம் அதே லாரிதான். இதைப் போட்டது வேற ஆளு, அவனையும் பாதியில தூக்கிட்டாங்க."

மதியம் அவன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான். விடுதியில் விடியும் முன்னே கையில் கொடுத்துவிடும் சோறு. பகல் வெயிலில் கிடந்து வாடை வந்திருந்தது. நான் கொண்டுபோன தயிர்சாதத்தைக் கொடுத்தேன். "வேணாங்க்கா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டான். ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்துக்கு இன்னும் வட்டி போகிறதாம்.

நாலு டைலோடு விடாமல் அந்த மூலை முழுக்கப் பெயர்த்தான். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து, எடுத்து, திரும்ப வைத்து, கலவையை வழித்து, மணிக்கட்டைத் திருப்பி ஒரு இழுப்பு இழுத்தான் பாருங்கள், உங்கள் கையேதான். காய்ந்த பிறகு செம்புத் தண்ணீர் நேராக ஜாலிக்குப் போயிற்று.

இவர் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம் என்கிறார். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், வக்கீல் கிடையாது, நாமே பேச வேண்டியதுதான். நான் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு கதவு வந்து மாட்டட்டும். அதுவரை அந்தக் கடைசிப் பத்து என் கையை விட்டுப் போகாது. எந்தெந்த வேலை பாக்கி, என்றைக்குள் என்று எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். மார்ச் 20 என்று போட்டிருக்கிறார். நான் யாருக்கும் நாள் சொல்வதாக இல்லை. அத்தைக்கும் சொல்லாதீர்கள்.

அம்மாவின் முட்டி வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மே மாதம் நீங்கள் இரண்டு பேரும் வரும்போது ரசமட்டத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள், வீடு முழுக்க ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்த வாத்தியார் வீட்டு மாடிப்படியை எப்போது முடித்துக் கொடுத்தீர்கள்?

இப்படிக்கு
உங்கள் பாப்பா