வங்கிச் செக்கும் சதுரங்கச் செக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வங்கியில் கொடுக்கும் 'செக்' வேறு, சரிபார்ப்பதைக் குறிக்கும் 'செக்' வேறு, இரண்டுக்கும் ஒலி மட்டுமே ஒன்று என்று தங்கள் இதழின் மொழிப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலை (வங்கிக்கு cheque, சரிபார்ப்புக்கு check) மட்டும் பார்ப்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அந்தச் சொல்லின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை. இரண்டும் ஒரே சொல்தான். இரண்டும் சதுரங்கப் பலகையிலிருந்து எழுந்து வந்தவைதான்.

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகத்துக்குச் சென்று, பிறகு அரபு மொழி பேசியவர்கள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. எதிராளியின் அரசனைத் தாக்கும்போது பாரசீகச் சொல்லான 'ஷா', அதாவது அரசன், என்று குரல் கொடுத்து எச்சரிப்பது ஆட்ட மரபு. அது பழைய பிரெஞ்சில் 'எஷெக்' என்று திரிந்து, ஆங்கிலத்துக்கு வந்தபோது 'செக்' ஆயிற்று. 'செஸ்' என்ற பெயரும் அதே பிரெஞ்சுச் சொல்லின் பன்மையிலிருந்து வந்ததே. 'செக்மேட்' என்றால் 'அரசன் இறந்தான்' என்று பலரும் எழுதுகிறார்கள். பாரசீக 'மாத்' என்பதற்குச் செய்வதறியாது நிற்பவன் என்று பொருள் கொள்வோரும் உண்டு. பலகையில் அரசன் வெட்டுப்படுவதே இல்லை, போக்கிடமின்றி நிற்கும்போதே ஆட்டம் முடிந்துவிடுகிறது என்பதால், எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

அரசனுக்குச் செக் வைக்கப்பட்டவர், தம் திட்டம் எதுவாயினும் அதை அப்படியே நிறுத்திவிட்டு, முதலில் அரசனைக் காக்க வேண்டும். இதிலிருந்து தடுத்து நிறுத்துதல் என்ற பொருளும், கட்டுப்படுத்துதல் என்ற பொருளும், பின்னர் ஒன்றை நிறுத்தி வைத்துச் சரிபார்த்தல் என்ற பொருளும் படிப்படியாகக் கிளைத்தன. கட்டம் போட்ட துணிக்கு அந்தப் பெயர் வந்தது பலகையின் தோற்றத்தால்.

பணத்தோடு இச்சொல்லுக்கு உள்ள உறவுதான் சுவையானது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்கு சரிபார்க்கப்பட்ட அவைக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். சதுரங்கப் பலகையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அது. அந்த அவையின் நடைமுறையை அதே நூற்றாண்டில் லத்தீனில் விரிவாக எழுதி வைத்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசை, காசுகள் உருண்டு விழாதபடி அதைச் சுற்றி நான்கு விரல் உயர விளிம்பு, மேலே கோடுகள் போட்ட கருப்புத் துணி என்று அதை நம் கண்முன் நிறுத்துகிறார். பென்னி, ஷில்லிங், பவுண்டு எனத் தனித்தனிப் பத்திகளில் வில்லைகளை வைத்தும் நகர்த்தியும் கணக்கிட்டார்கள். மாவட்ட வரியைக் கொண்டுவந்த ஷெரிஃப் ஒரு தரப்பு, கருவூலத் தலைவர் மறு தரப்பு. பலகையில் இரண்டு அரசர்கள் மோதுவதைப் போல இங்கே இவ்விருவரும் மோதுகிறார்கள் என்று அவரே ஒப்பிடுகிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் அந்தப் பெயரைத் தம் பதவியில் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்.

வங்கிச் செக் இதற்கு வெகுகாலம் பிந்தியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பண ஆணை போலியா அசலா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்கே செக் என்று பெயர். பிறகு அந்தப் பெயர் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு மாறியது. பிரிட்டனில் எக்ஸ்செக்கரின் சாயல் படிந்து எழுத்துக்கூட்டல் வேறாயிற்று. அமெரிக்கர்களோ இன்றுவரை இரண்டையும் ஒரே விதமாகத்தான் எழுதுகிறார்கள். தமிழில் நாம் இரண்டையும் 'செக்' என்று எழுதுவதைக் குழப்பம் என்று தங்கள் கட்டுரையாளர் குறைபட்டிருப்பதை, ஆகவே, என்னால் ஏற்க முடியவில்லை.

இத்திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்