அழுதால் கிடைக்கும் செல்போன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னார்: "செல்போனே தரமாட்டேன் சார். ரொம்ப அழுதா மட்டும் அஞ்சு நிமிஷம்." பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எவ்வளவு அழ வேண்டும் என்ற கணக்கு அவனுக்குத் தெரியும்! யார் என்று சொல்லமாட்டேன். பாதி வீடுகளில் இதே கதைதான்.

பி.எட். படித்தபோது 'ஆக்கநிலையிறுத்தம்' என்று வாய் வலிக்க மனப்பாடம் செய்தோம். விஷயம் எளிது. ஒன்றைச் செய்ததும் பலன் கிடைத்தால் திரும்பச் செய்வோம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலி, புறாக்களை வைத்து இதை ஆராய்ந்தார். விசையை அழுத்தும்போதெல்லாம் இரை வந்து, பிறகு நின்றுபோனால் எலி சீக்கிரம் விட்டுவிடும். எப்போதாவது மட்டும் வந்துகொண்டிருந்தால், நின்ற பிறகும் வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருக்கும். நாலு நாள் மறுத்து ஐந்தாம் நாள் கொடுக்கிறோமே, அதுவும் இப்படித்தான். அதைவிட, தருவதாக இருந்தால் அழுவதற்கு முன்பே தந்துவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை இல்லை. முதல் சில நாள் அழுகை இன்னும் கூடும். அங்கே இறங்கிவந்தால், அடுத்த முறை அந்தச் சத்தத்திலிருந்துதான் ஆரம்பிப்பான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவர்களை வராண்டாவில் நிற்க வைத்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பாடவேளையில் மட்டும் தவறாமல் நோட்டை மறந்துவிட்டு வந்தான். வெளியே வேப்பமரக் காற்று, சத்துணவுக் கூடத்தில் சாம்பார் தாளிக்கும் வாசனை, உள்ளே பின்னம். நாங்கள் தண்டனை என்று நினைத்தது அவனுக்கு விடுதலை. இப்போது முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டே இரண்டு கணக்குப் போடுகிறான். வராண்டா காலி.

அப்புறம், பரிசு. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வரைய ஆசைப்படும் குழந்தைகள் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்பே சொல்லிவிட்டு, வரைந்ததும் கொடுத்தார்கள். பிறகு அவர்களாக வரையும் நேரம் மற்றக் குழந்தைகளைவிடப் பாதியாகக் குறைந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களிடம் அந்தக் குறை இல்லை. ஆகவே தானாகக் கதைப் புத்தகம் எடுக்கிற பிள்ளைக்குப் பத்து ரூபாய் ஆசை காட்டாதீர்கள். "இன்னைக்கு ற, ர ரெண்டும் சரியா எழுதியிருக்கே" என்று சொன்னால் போதும்.

அடுத்த கூட்டத்துக்குத் தாத்தா, பாட்டியையும் அழைத்து வாருங்கள். சாயங்காலம் செல்போன் அவர்கள் கையில்தானே இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்