கேள்வி நேரத்தில் ஒரு தனிக்குரல்

ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்க நிறவெறிச் சட்டங்களை எதிர்த்த ஹெலன் சுஸ்மன் பற்றிய நடுப்பக்கக் கட்டுரை கண்டேன். அவரது துணிவைப் போற்றிய கட்டுரை, அவர் கையாண்ட வழியை இரண்டே வரிகளில் கடந்துவிட்டது. 1961 முதல் 1974 வரை, 13 ஆண்டுகள், முற்போக்குக் கட்சியின் ஒரே உறுப்பினராக அந்நாட்டு நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர் அவர். விசாரணையின்றி 90 நாள் காவலில் வைக்கும் சட்டம் 1963இல் வந்தபோது எதிர்த்து வாக்களித்தவரும் அவர் ஒருவரே. சட்டங்களைத் தடுக்க அவரால் முடியவில்லை. ஆனால் கைதுகள், கட்டாய வெளியேற்றங்கள், சிறைக் கொடுமைகள் என ஓயாமல் கேள்வி எழுப்பி, அரசின் வாயாலேயே பதிலை அவைக்குறிப்பில் ஏற வைத்தார். நாட்டுக்குத் தலைகுனிவு தன் கேள்விகளால் அல்ல, அமைச்சர்களின் பதில்களால்தான் என்று அவர் திருப்பிச் சொன்னது எத்தனை உண்மை!

நான் சமூக அறிவியல் ஆசிரியை. எங்கள் பள்ளியில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தியபோது மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள், வெளிநடப்பும் செய்தார்கள். கேள்வியைத் தாளில் எழுதி, நான்காக மடித்து எடுத்து வந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டுமே. குடிமையியல் பாடத்தில் கேள்வி நேரத்தை விளக்கும் இடத்தில் சுஸ்மனின் அவைப் பணியையும் சேர்க்கப் பாடநூல் குழு முன்வர வேண்டும்.

ஓர் ஆசிரியை, விருதுநகர்.